மீதியை அவர் சொல்வார்

வேலை கேட்டு அவரைப் பார்க்கப் போன அன்று, என் பெயரைத் தவிர வேறு எதையும் நான் முழுதாகச் சொல்லவில்லை.

"சென்னையில ஒரு பத்திரிகையில..." என்று ஆரம்பித்தேன்.

"எடிட்டிங் டெஸ்க்ல இருந்தீங்க. அதுக்கு முன்னாடி ரிப்போர்ட்டிங். நீங்க அனுப்புன கட்டுரையில ஒரு வார்த்தை கூடுதலா இல்ல, அதுலயே தெரியுது."

"என் வீட்டுக்காரருக்கு இங்க..."

"பின் யுவோங் தொழிற்பேட்டையில வேலை. ஷூ கம்பெனியா, துணியா?"

"ஷூ" என்றேன். அன்று அவர் என்னிடம் உண்மையாகவே கேட்டுத் தெரிந்துகொண்டது அந்த ஒரு சொல்தான். லிஃப்டில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது: சம்பளப் பேச்சையும் அவரே ஆரம்பித்து, என் சார்பில் அவரே கொஞ்சம் கூட்டிக் கேட்டு, யோசிப்பதுபோல் ஜன்னலைப் பார்த்துவிட்டு, அவரே சம்மதித்தும் விட்டிருந்தார். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னபோது, "நீ என்ன பேசின?" என்று கேட்டார். "ஷூ" என்றேன்.

அந்த அலுவலகம் வியட்நாமில், சைகானின் மையப் பகுதியான டிஸ்ட்ரிக்ட் 1-இல், கீழே காபிக் கடையும் மேலே பல் மருத்துவரும் இருந்த ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்தது. பக்கத்துப் பக்கத்து நாடுகள் சிலவற்றில் பணம் திரட்டி, அதை அந்தந்த ஊர்களில் அப்போதுதான் ஆரம்பித்த ஸ்டார்ட்அப் நிறுவனங்களுக்குக் கொடுக்கும் ஒரு நிதி அமைப்பு. தலைமையகம் சிங்கப்பூர். சைகான் கிளைக்கு அவர் பொறுப்பு. நகரத்துக்கு வேறு பெயர் வந்து பல காலம் ஆகியிருந்தாலும் அந்த மாடியில் எல்லோரும் சைகான் என்றே சொன்னார்கள்.

பணம் இரண்டு தவணையாக வரும். முதலாவது, பொருளைச் செய்துபார்க்க. இரண்டாவது, அது விற்கிறது என்று காட்டிய பிறகு. நடுவில் இருக்கும் மாதங்களில், நிறுவனம் ஆரம்பித்தவர்களை வாடிக்கையாளரிடம் கூட்டிப்போவது, கணக்கு வைக்கச் சொல்லித்தருவது, முதலீட்டாளர் முன்னால் பேசப் பழக்குவது எல்லாம் வழிகாட்டியின் வேலை. பணத்தைவிட அந்த வழிகாட்டல்தான் பெரிது என்று எங்கள் சுவரில் எழுதியிருந்தது. வழிகாட்டி என்றால் அவர். நான், எந்த நிறுவனம் எங்கே நிற்கிறது என்று சிங்கப்பூருக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுபவள்.

அவர் குள்ளமான, நிமிர்ந்து நடக்கிற பெண். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். முதலீட்டாளர் வரும் நாளில் மட்டும் சேலை, மற்ற நாட்களில் குர்தா. ஸ்கூட்டரை அவரே ஓட்டிக்கொண்டு வருவார். மழைக்கோட்டைக் கழற்றி உதறிவிட்டு, ஈரம் சொட்டச் சொட்டவே பேச ஆரம்பித்துவிடுவார். வியட்நாமியர்கள் அவரைச் 'சி' என்று கூப்பிட்டார்கள். அக்கா என்று அர்த்தம். முதல் வாரம் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் யாரோ அவரைத் திட்டுவதாகவே எனக்குப் பட்டது.

அவர் அறைக்குக் கண்ணாடிச் சுவர். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப நடக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் கையை விரித்து எதையோ சொல்லத் தொடங்குவார். இடையில் கை நின்றுவிடும். இவர் வாய் அசையும். எதிரே இருப்பவர் முகம் மலரும்.

அந்த மலர்ச்சி பொய்யில்லை. தேங்காய் நாரில் நாற்றுத் தொட்டி செய்யும் ஒருவர் பின் யுவோங்கிலிருந்து வந்திருந்தார். நார் எங்கே வாங்குவது, எப்படி ஊறவைப்பது, பிளாஸ்டிக் தொட்டியை ஏன் தன் மனைவிக்குப் பிடிக்காது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனவர், நடுவில் தானே களைத்து நின்றுவிட்டார். இவர் சொன்னார்: "செடியைத் தொட்டியிலேர்ந்து எடுக்கவே வேண்டாம். தொட்டியோட நடலாம். அதுதானே?" அந்த மனிதர் மேசையைத் தட்டினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று வருடமாகத் தன் மாமனாருக்குப் புரியவைக்க முடியாததை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டீர்கள் என்றார். அடுத்த மாதம் அவர் முதலீட்டாளர்கள் முன்னால் நின்றபோது அதே வாக்கியத்தைச் சொன்னார். ஏற்ற இறக்கம்கூட இவருடையதுதான்.

வேலையில் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே எனக்கு அது கேட்க ஆரம்பித்துவிட்டது. துணி துவைக்கும் நிறுவனம், வாடகைக்கு சைக்கிள் கொடுக்கும் நிறுவனம், மருந்துக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் நிறுவனம். தனித்தனியாகப் பேட்டி எடுத்தேன். எல்லோரும் மூன்றாவது கேள்வியிலிருந்து ஒரே ஆள் மாதிரி பேசினார்கள். டெஸ்க்கில் பல வருடம் இருந்தவளுக்கு, வெவ்வேறு பெயரில் வரும் செய்திகளை ஒரே கை எழுதியிருந்தால் தெரிந்துவிடும்.

பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெருவில் நாகூர்க்காரர் ஒருவர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். வாரத்தில் ஒரு நாள் மதியம் அங்கே போவோம். பாய் வந்து நின்று, "வாங்கம்மா, இன்னிக்கி மீனு..." என்பார்.

"வஞ்சிரம் வறுத்தது. இறால் தொக்கு. ரசத்துல புளி தூக்கல், அதனால வேண்டாம்னு சொல்லப் போறீங்க."

"எல்லாம் சரிதாம்மா. ஆனா வஞ்சிரம் உங்களுக்கு இல்ல."

"ஏன்?"

"அத நீங்கதான் சொல்லணும். நான் எப்பவும் பாதிதான சொல்லுவேன்."

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். தன் பழக்கத்தைக் கேலி செய்தால் அவருக்குக் கோபம் வராது. "வாய மூட முடியல பாய், என்ன செய்யிறது" என்பார். மூடவும் மாட்டார். அன்று வஞ்சிரம் தீர்ந்துபோயிருந்தது. பாய் சொல்ல வந்ததே அதைத்தான்.

அந்தக் கடையில்தான் ஒருநாள் அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். காரைக்கால் குடும்பம், தாத்தா காலத்திலிருந்தே சைகானில். அப்பா ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் குமாஸ்தா. போரில் சைகான் விழுந்த மறு வருடம் இவருக்கு எட்டு வயது. எல்லோருமாகக் காரைக்கால் போனார்கள்.

"அப்பாவுக்குத் தமிழ் வரும்ங்க. ஆனா நின்னு நின்னு வரும். பிரெஞ்சுல யோசிச்சு, இந்த ஊர் பாஷையில தேடி, அப்பறம் தமிழ்ல எடுக்கணும். ரேஷன் கடையில அதுவரைக்கும் யாரு காத்திருப்பா? பின்னாடி நிக்கிறவன் சிரிச்சிடுவான். நான் பக்கத்துல நின்னு டக்குனு சொல்லிடுவேன். பள்ளிக்கூடத்துல, பேங்க்ல, கல்யாண வீட்டுல, எல்லாத்துலயும் நான்தான். ஒருத்தங்க வார்த்தைக்குத் தவிக்கிறத என்னால பாக்கவே முடியாது. ஒடம்பு கூசும்."

"அப்பா அதுக்கு ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லுவாரு? சந்தோஷந்தான்" என்றவர் தயிரைச் சோற்றில் பிசைந்தபடி, "கடைசியில பேச்சையே விட்டுட்டாரு. தேவையில்லாம போயிருச்சு" என்றார். தன் சாமர்த்தியத்துக்கு ஒரு சான்றாகத்தான் அதைச் சொன்னார்.

வளர்ந்தபின் இந்த ஊருக்குத் திரும்பி வந்தவரிடம் இருந்த வியட்நாமிய மொழி, எட்டு வயதில் விட்டுப்போனது. சொற்கள் குழந்தையின் சொற்கள். ஆனால் ஒரு தயக்கமும் கிடையாது. வங்கி அதிகாரியிடம்கூட வீட்டுக் குழந்தை மாமாவிடம் பேசுவதுபோல் பேசுவார். வயதானவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள், உடனே அவரை நம்பிவிடுவார்கள். அவர் வெற்றியில் பாதி அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

பிரியமானவர். அதில் சந்தேகமில்லை. சைக்கிள் நிறுவனப் பெண்ணின் தகப்பனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டான் சோன் நாட் விமான நிலையத்தில் முதலீட்டாளரை இறக்கிவிட்டு, அப்படியே சேலையோடு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் பேசி, அறை வாங்கிக்கொடுத்துவிட்டு வந்தார். நோயாளிக்கு எங்கே வலிக்கிறது என்பதையும் டாக்டரிடம் இவரே சொன்னதாக அந்தப் பெண் என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

லான் வந்தது அந்த வருடத்து வெயில் காலத்தில். பென் ட்ரே கடலோரத்து இறால் பண்ணை ஊரில் பிறந்தவள். பொறியியல் படித்தவள். இறால் குட்டையில் மிதக்கவிடும் ஒரு சின்னக் கருவி செய்திருந்தாள். தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அதன் முனையிலிருக்கும் சென்சார் அளக்கும். குறைந்தால் பண்ணைக்காரரின் செல்போன் அலறும். அவர் உடனே காற்றுச் சக்கரத்தைப் போட்டுவிடலாம். தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் அந்தச் சக்கரங்களை நாள் முழுக்க ஓடவிட்டு மின்கட்டணத்திலேயே பாதி லாபத்தை விடுகிறவர்கள் அங்கே அதிகம். நல்ல பொருள். எனக்கே புரிந்தது.

லான் பேசுவது மெதுவாக இருக்கும். தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்கிற நிதானம். ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, பார்த்து, வைப்பாள். அவளும் அவரும் ஒரே அறையில் உட்காருவதைப் பார்த்த முதல் நாளே எனக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது.

சிங்கப்பூரிலிருந்து முதலீட்டுக் குழுவின் தலைவர் வந்திருந்தார். லான் கருவியை ஒரு கண்ணாடித் தொட்டியில் மிதக்கவிட்டுக் காட்டினாள். அவருக்குப் பிடித்துவிட்டது. மழைக்காலத்தில் எப்படி என்று கேட்டார்.

லான் சொன்னாள்: "மழை பெஞ்சா தண்ணியோட உப்பு மாறும். முனையில பாசி சீக்கிரம் படியும். அதனால நாங்க..."

அவள் அடுத்த சொல்லைத் தேடினாள்.

"அதுக்காகவே தனி உறை ஒண்ணு செஞ்சிருக்காங்க" என்றார் இவர். "மழைக்காலத்துலயும் இதே மாதிரி வேலை செய்யும்."

தலைவர் லானைப் பார்த்தார். லான் தொட்டியைப் பார்த்தாள். பிறகு தலையைக் கொஞ்சமாக அசைத்தாள். தலைவர் எழுந்து அவள் கையைக் குலுக்கினார். ஒரு முழு ஊரில், எல்லாக் குட்டைகளிலும் இதைப் போட்டுக் காட்டினால் இரண்டாம் தவணை வரும் என்றார்.

மாலையில் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் லானைப் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எனக்குத் தெரிந்த வியட்நாமிய மொழியும் அவளுக்குத் தெரிந்த ஆங்கிலமுமாகப் பேசிக்கொண்டோம்.

"சி சொன்னது தப்பா?"

"உறை இருக்கு. மழையில போட்டுப் பாக்கல. இந்த மழை முடியிற வரைக்கும் எங்கேயும் விக்கப் போறதில்ல. அதத்தான் சொல்ல வந்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "விருந்தாளி எதிர்ல சியைப் பாத்து இல்லைன்னு சொல்றதா? அவங்க முகம் என்ன ஆகும்? எனக்காகத்தான பேசினாங்க."

கொஞ்சம் கழித்து, "கேள்வி கேக்காம இதைப் போட்டுக்கிற ஊர் எனக்கு ஒண்ணுதான் தெரியும்" என்றாள். "என்னோட ஊர்."

மறுநாள் நான் கண்ணாடி அறைக்குள் போனேன்.

"லான் மழைக்காலத்தப் பாத்துட்டு விக்கலாம்னு நெனைக்கிறா."

"நெனச்சா சொல்லியிருப்பா."

"சொல்ல ஆரம்பிச்சா. நீங்க..."

"நான் முடிச்சேன். அவ தலையாட்டுனா. நீங்களுந்தான் பாத்தீங்க."

"உங்க எதிர்ல தலையாட்டாம வேற என்ன செய்வா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னங்க பத்திரிகைக்காரம்மா, எல்லாரையும் ஊமைன்னு நெனச்சிட்டீங்களா? கேளுங்க. ஒரு மழை போனா ஒரு வருஷம் போச்சு. அவகூட வேலை செய்யிற ரெண்டு பேரும் வேற கம்பெனிக்குப் போயிடுவாங்க. குழு வேற பொருளைப் பாக்கும். பொருள்ல கோளாறுன்னா திருத்திக்கலாம். கம்பெனி செத்துப்போனா எதைத் திருத்துறது? நீங்க எத்தனை கம்பெனி சாகுறதப் பாத்திருக்கீங்க?"

நான் எதுவும் பார்த்ததில்லை. அவர் நிறையப் பார்த்திருந்தார். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. என் அறிக்கையில், மழைக்காலச் சோதனை இன்னும் நடக்கவில்லை என்று ஒரு வரி எழுதினேன். சிங்கப்பூரிலிருந்து அதைப் பற்றிக் கேட்டார்கள். பதிலை அவர் சொன்னார்.

கருவிகளைக் குட்டைகளில் போட்ட அன்று நானும் போயிருந்தேன். லானின் சித்தப்பா வீட்டில் ஊர்க்காரர்கள் கூடியிருந்தார்கள். அவரைத் தாம் என்று கூப்பிட்டார்கள். எட்டு என்று அர்த்தம்; வியட்நாமின் தென்பகுதியில், பிள்ளைகள் பிறந்த வரிசைதான் வீட்டுப் பெயர். தகப்பன் இல்லாத லானைப் படிக்கவைத்தவர் அவர். கருவியைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கத்தினாத்தான் சக்கரத்தப் போடணுமா? மத்த நேரம் நிறுத்தி வெக்கலாமா?"

"வெக்கலாம்" என்றாள் லான்.

"மழைக்கும் ஆகுமா, புள்ள?"

லான் வாயைத் திறந்தாள். அவள் கண்கள் ஒரு முறை இவர் பக்கம் போயின. அது உதவி கேட்கும் பார்வையா, விட்டுவிடச் சொல்லும் பார்வையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இவருக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

"ஆகும் சித்தப்பா, ஆகும் ஆகும்" என்றார், தன் குழந்தை மொழியில்.

கூட்டம் சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார். "இந்த அம்மா எங்க பேத்தி மாதிரியே பேசுது" என்றார் ஒரு கிழவர். அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் எல்லாக் குட்டைகளிலும் கருவி மிதந்தது. திரும்பும்போது வண்டி நிறைய இளநீர் ஏற்றிவிட்டார்கள்.

மழை வந்த பிறகு சில வாரங்கள் ஒன்றும் ஆகவில்லை. இவர் என் மேசைப் பக்கம் வரும்போதெல்லாம் வானத்தைக் காட்டிப் புருவத்தை உயர்த்துவார், பார்த்தீர்களா என்பதுபோல. பிறகு விடாமல் மூன்று நாள் பெய்தது. நான்காம் நாள் காலை லான் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். தாமின் குட்டையிலும் பக்கத்துக் குட்டைகள் இரண்டிலும் இறால் மொத்தமும் செத்துப்போய்விட்டது. உறைக்குள் பாசி புகுந்து முனையை மூடிவிட்டது. தண்ணீரில் ஆக்சிஜன் இறங்க இறங்க, போனில் முந்தின நாள் அளவே நின்றுகொண்டிருந்தது. போன் கத்தவில்லை. சக்கரம் ஓடவில்லை. அவ்வளவுதான்.

மதியம் நாங்கள் அங்கே இருந்தோம். கரையில் இறாலை வலையால் அள்ளிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அவை வெளுத்து, மழையில் நனைந்து கிடந்தன. வாடை ரோட்டிலேயே வந்தது. தாம் வீட்டு சிமெண்டுத் தரையில் இருபது பேர்போல உட்கார்ந்திருந்தார்கள். லான் எங்களுக்கு முன்பே பஸ்ஸில் வந்து, சேறு காய்ந்த காலோடு சுவரோரமாக நின்றிருந்தாள்.

இவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் மண்டியிட்டு உட்கார்ந்தார். பேசினார். நல்ல பேச்சு. லான் இந்த ஊர்ப் பெண், அவள் ராத்திரி முழுக்க அழுதிருக்கிறாள், உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க நினைக்கிறாள், நஷ்டத்தைத் தருவதற்கு நான் பொறுப்பு, எங்கள் அமைப்பு மறுத்தால் என் கையிலிருந்து தருவேன். இதெல்லாம் ஒரு குழந்தையின் சொற்களில். கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். கடைசி வாக்குறுதி வெறும் பேச்சல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு அவர் அதைச் செய்தார்.

தாம் முழுதும் கேட்டார். "முடிச்சிட்டியாம்மா?" என்றார். இவர் தலையாட்டினார்.

"லான், நீ சொல்லு."

லான் சுவரைவிட்டு ஓரடி வந்தாள். "இது..." என்றாள். நின்றாள். ஓட்டின்மேல் மழைச் சத்தம். யாரோ இருமினார்கள். இவர் முன்னால் சாய்வதைப் பார்த்தேன்.

"அவ என்ன சொல்ல வர்றான்னா சித்தப்பா..."

"இரும்மா" என்றார் தாம். குரலை உயர்த்தவில்லை.

நாங்கள் காத்திருந்தோம். நீண்ட நேரம் ஆனதுபோல் இருந்தது. லான் சொன்னாள்: "இது மழைக்கு ஆகுமான்னு எனக்குத் தெரியாது. போட்ட அன்னிக்கும் தெரியாது. தெரியாதுங்கிறது எனக்குத் தெரியும் சித்தப்பா."

"இதைத்தான நான் அன்னிக்கிக் கேட்டேன்" என்றார் தாம்.

ஒருவர் பின் ஒருவராக எழுந்து வெளியே போனார்கள். அழுத பெண்மட்டும் போகும்போது லானை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். இவருடைய பேச்சைக் கேட்டபோது அந்த முகத்தில் இருந்த இரக்கம் இப்போது இல்லை.

லான் எங்களோடு வரவில்லை. காரில் இவர் ஈரமான குர்தா நுனியைப் பிழிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பாவம், பதட்டத்துல என்னமோ உளறிட்டா. அஞ்சு நிமிஷம் குடுத்திருந்தா நானே அழகா முடிச்சிருப்பேன். எல்லாரும் சமாதானமாத்தான இருந்தாங்க?"

"அவ சொன்னது உண்மைதானேங்க."

"உண்மைதான். யாரு இல்லைன்னா? ஆனா அதைச் சொல்ற விதம்னு ஒண்ணு இருக்குல்ல." குர்தாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவ அப்படி வார்த்தை வராம நின்னா பாருங்க, என்னால பாக்கவே முடியல. எப்படிங்க சும்மா உக்காந்து பாக்குறீங்க நீங்கல்லாம்?"

நிஜமாகவே கேட்டார். அவர் முகத்தில் வலி இருந்தது.

பதினைந்து நாள் கழித்து முதலீட்டுக் குழு திரையில் கூடியது. லானையும் வரச்சொல்லியிருந்தோம். அவள் நாற்காலி காலியாக இருந்தது. நடந்ததை இவரே குழுவுக்குச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. மழை, பாசி, செத்த இறால், கூடியிருந்த ஊர் எல்லாவற்றையும் சொன்னார். ஆனால் அவர் சொல்லச் சொல்ல அது ஒரு நல்ல கதையாக மாறிக்கொண்டு வந்தது. களத்தில் விழுந்த நிறுவனம். ஊர் முன்னால் நின்று தன் தவற்றைச் சொன்ன துணிச்சலான பெண். இனி உறையை மாற்றி எழப்போகும் பொருள். திரையில் இருந்தவர்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இப்படிப்பட்ட ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார் ஒருவர். இரண்டாம் தவணையை உடனே கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. ஆனால் தலைவர், அந்தப் பெண் தன் வாயால் ஒரு வார்த்தை சம்மதம் சொல்லட்டும் என்றார்.

இவர் லானின் நம்பரைப் போட்டு, போனை மேசைமேல் ஸ்பீக்கரில் வைத்தார். சித்தப்பா தாம் எடுத்தார். அவர் பேசியது திரையில் இருந்தவர்களுக்குப் புரியாது. அறையில் இவருக்கும் எனக்கும் மட்டும் புரிந்தது.

"லான் தண்ணியில நிக்கிறா. ஒவ்வொரு குட்டையா எறங்கி முனையைத் தேய்ச்சிப் பாத்துக்கிட்டு இருக்கா. எது எவ்வளவு நாள்ல அடைக்குதுன்னு."

"ஒரு நிமிஷம் கூப்பிடுங்க சித்தப்பா. நல்ல சேதி. ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"வரமாட்டா. நீ கூப்பிட்டா என்ன சொல்லணும்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் எறங்குனா."

"என்ன சொன்னா?"

"அந்தப் பணம் இப்ப வேண்டாமாம். இந்த மழை முழுக்கப் பாக்கணுமாம். அதுக்கப்பறமும்..."

தாம் பெருமூச்சு விட்டு, மறந்ததை நினைவுபடுத்திக்கொள்வதுபோல் நிறுத்தினார். திரையில் தலைவர் புருவத்தை உயர்த்தினார். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"லான் குட்டையில் வேலையாக இருக்கிறார்" என்றார் தெளிவான ஆங்கிலத்தில். "உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லச் சொன்னார். ஏற்றுக்கொள்கிறார்."

திரையில் கைதட்டினார்கள். இவரும் தட்டினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. மேசைமேல் போனில் அந்த மனிதர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்; அவள் சொல்லியனுப்பியதை ஒரு சொல் விடாமல், நிதானமாக.